ஜாரின் விடுதலைச் சட்டமும் 49 ஆண்டுக் கடனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1861இல் இரண்டாம் அலெக்சாண்டர் ரஷ்யப் பண்ணையடிமைகளை விடுவித்து நிலமும் கொடுத்தார் என்று படித்தேன். பிறகு ஏன் அவர்கள் கடனாளிகள் ஆனார்கள்?

பதில்: நிலம் இனாமாகக் கிடைக்கவில்லை, விலைக்குத்தான் கிடைத்தது. அந்த விலையைக் கணக்கிட்ட விதத்தில்தான் கோளாறு. சந்தையில் நிலம் என்ன விலை போகிறது என்று பார்க்கவில்லை. குடியானவர் பண்ணையாருக்கு ஆண்டுதோறும் கட்டும் 'ஒப்ரோக்' தொகையை எடுத்துக்கொண்டார்கள். 6 சதவீத வட்டியில் அந்தத் தொகை கிடைக்க எவ்வளவு முதல் வேண்டுமோ, அதுவே விலை.

ஒப்ரோக் 9 ரூபிள் என்று வையுங்கள். விலை 150 ரூபிள். சட்டப்படி முழு அளவு நிலம் எடுத்தவருக்காக அரசு 80 சதவீதத்தை, அதாவது 120 ரூபிளை, பண்ணையாருக்குக் கடன் பத்திரங்களாகக் கொடுத்துவிடும். மீதி 30 ரூபிள் குடியானவரின் கைப்பணம். அரசு கொடுத்த 120க்கு ஆண்டுக்கு 6 சதவீதம், 7 ரூபிள் 20 கோபெக் வீதம், 49 ஆண்டுகள் கட்ட வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 352 ரூபிள் 80 கோபெக்!

வடக்கே மண் வளம் குறைவு. அங்கே ஒப்ரோக் பணம் வயலில் விளைந்ததல்ல. நகரத்துக் கூலியிலும் கைத்தொழிலிலும் வந்தது. ஆளுக்கு விலை கிடையாது என்றது சட்டம். ஆனால் அந்த ஆளின் உழைப்பு நிலத்தின் விலைக்குள் நுழைந்துவிட்டது. இதைத்தான் பெரிய அநீதி என்பேன்.

தெற்கே கரிசல் மண் பகுதியில் வேறு விதம். குடியானவர் பயன்படுத்திவந்த நிலத்தில் சட்ட அளவுக்கு மேல் இருந்ததைப் பண்ணையார் வெட்டி எடுத்துக்கொண்டார். 'ஒத்ரெஸ்கி' என்று பெயர். போனது பல இடங்களில் மேய்ச்சல் நிலம். மேய்ச்சல் இல்லாமல் மாடு இல்லை, மாடு இல்லாமல் எரு இல்லை. ஆகவே மாட்டை மேய்க்க அனுமதி கேட்டு, பதிலுக்குப் பண்ணையார் வயலிலேயே மறுபடி உழைத்தார்கள். வீட்டு வேலை செய்த அடிமைகளுக்கோ பொதுவாக நிலமே இல்லை.

தவணைக்கு ஊர்ச்சமூகமான 'மிர்' கூட்டாகப் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும். அதனால் வெளியூர் போக ஊரின் சம்மதம் தேவைப்பட்டது. பல ஊர்களில் நிலத்தை அவ்வப்போது மறுபங்கீடு செய்தார்கள். நாளை அடுத்தவருக்குப் போகும் வயலுக்கு யார் எரு போடுவார்? தவணைகள் முற்றாக ரத்தானது 1907இல்தான்.

கேள்வி: பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி அணியுடன் நடந்த கிரிமியப் போரில் (1853–56) ரஷ்யா தோற்றதற்கும் அடிமை ஒழிப்புக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு. படையில் சேர்க்கப்பட்ட அடிமை சட்டப்படி பண்ணையாரிடமிருந்து விடுபட்டுவிடுவார். ஆயுதப் பயிற்சி பெற்ற சுதந்திர மனிதர்களை ஆண்டுதோறும் அடிமைக் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்ப அரசு அஞ்சியது. எனவே நீண்ட காலச் சேவை; ஒரு காலத்தில் 25 ஆண்டுகள். இதன் விளைவாக, போர் வந்தால் அழைக்கப் போதிய பயிற்சி பெற்ற சேமப்படை இல்லை; அமைதிக் காலத்திலும் பெரும்படைக்குச் சோறு போட வேண்டும்.

விடுதலைக்குப் பிறகே 1874இல் போர் அமைச்சர் திமித்ரி மிலியூத்தின் எல்லா வகுப்பினருக்கும் கட்டாயச் சேவை கொண்டுவர முடிந்தது. தரைப்படையில் 6 ஆண்டு பணி, 9 ஆண்டு சேமப்படை. ஆரம்பப் பள்ளி முடித்தவருக்குப் பணி 4 ஆண்டு, பல்கலைக்கழகம் முடித்தவருக்கு 6 மாதம். படிப்பால் மகனின் சேவைக்காலம் குறையும் என்பது பள்ளியின் பயனைக் கிராமத்துக்கு நேரில் காட்டியது.

கேள்வி: நீதிமன்றச் சீர்திருத்தம் நிலைத்ததா?

பதில்: ஓரளவு. 1864இல் பகிரங்க விசாரணையும் வழக்கறிஞர்களும், குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவான ஜூரியும் வந்தன. 1878இல், பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் திரெப்பொவைச் சுட்டுக் காயப்படுத்திய புரட்சியாளர் வேரா சசூலிச்சை ஜூரி விடுதலை செய்தது. அதே ஆண்டு, அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகள் ஜூரியிடமிருந்து எடுக்கப்பட்டன. குடியானவர்களின் சில்லறை வழக்குகளோ தனி ஊர் நீதிமன்றங்களிலேயே தங்கின. அங்கே கசையடித் தண்டனை 1904 வரை நீடித்தது.