துளை நிறைந்த படிகத்துக்குள் இன்னொரு வெற்றிடம் எதற்கு?

கேள்வி: பெரும்பாலும் சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகமாகிய ஜியோலைட் என்பதே நுண்துளைகள் நிறைந்த பொருள் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, அதன் நடுப்பகுதியையும் குடைந்து வெறுமையாக்கி வினையூக்கியாகப் பயன்படுத்த ஆய்வாளர்கள் முயல்வது ஏன்? (வேதியியல் முதுகலை மாணவி ஒருவர்)

பதில்: துளைகள் இருப்பது உண்மைதான், ஆனால் அவை மிகவும் குறுகியவை. பெட்ரோலிய வேதித் தொழிலில் பெயர்பெற்ற இசட்.எஸ்.எம்.-5 ஜியோலைட்டின் துளை ஏறத்தாழ 0.55 நானோமீட்டர் அகலமே உடையது. பென்சீன் போன்ற மூலக்கூறு அதனுள் சுவரை உரசியபடியேதான் நகர முடியும். எந்த மூலக்கூறை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று தெரிவுசெய்யும் திறன் இந்தக் குறுகலிலிருந்தே கிடைக்கிறது என்றாலும், அதே குறுகல் காரணமாக மூலக்கூறுகள் படிகத்தின் நடுப்பகுதியை அடைவதற்குள் பாதி வழியிலேயே வினை முடிந்துவிடுவதும், உருவான விளைபொருள் வெளியேறத் தாமதித்து மேலும் வினைபுரிந்து கரிப்படிவாக மாறித் துளையை அடைத்துவிடுவதும் நிகழ்கின்றன. விரைவான வினைகளில் படிகத்தின் நடுப்பகுதி பயனின்றிக் கிடக்கிறது.

மூலக்கூறுகள் துளைவழியே பரவிச் செல்லும் விரவலுக்கு ஆகும் நேரம் பாதை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். எடுத்துக்காட்டாக, 200 நானோமீட்டர் அகலமுள்ள திண்மப் படிகத்தில் மூலக்கூறு மேற்பரப்பிலிருந்து மையம்வரை 100 நானோமீட்டர் செல்ல வேண்டும். அதே படிகத்தை உள்ளே குடைந்து 20 நானோமீட்டர் சுவரை மட்டும் விட்டுவைத்தால் பாதை ஐந்தில் ஒரு பங்காகவும், நேரம் தோராயமாக இருபத்தைந்தில் ஒரு பங்காகவும் குறைகிறது.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும். நடுவில் வெற்றிடம் வந்துவிட்டதால் பெரிய மூலக்கூறுகள் உள்ளே நுழைந்துவிட முடியாது. சுவர் முழுமையாக இருக்கும்வரை நுழைவாயில் அதே 0.55 நானோமீட்டர்தான். பெரிய மூலக்கூறுகளுக்கு வழிவிட வேண்டுமென்றால் சுவரிலேயே அகன்ற துளைகள் அமைய வேண்டும். அது வேறொரு வடிவமைப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவது இத்துறையில் அடிக்கடி குழப்பம் விளைவிக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: வெளிச்சுவர் சேதமடையாமல் உட்புறத்தை மட்டும் எப்படிக் கரைக்கிறார்கள்?

பதில்: யானை உண்ட விளாங்கனியைப் போல ஓடு அப்படியே இருக்க உள்ளீடு மட்டும் மறைய வேண்டுமானால், படிகத்தின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஏதேனும் ஒரு வேற்றுமை முன்பே இருக்க வேண்டும். டெட்ராபுரோப்பைல் அம்மோனியம் என்னும் கரிம அயனியை வார்ப்புருவாக (துளைகள் தன்னைச் சுற்றி உருவாக உதவும் அச்சாக) கொண்டு வளர்க்கப்படும் பெரிய இசட்.எஸ்.எம்.-5 படிகங்களில் அலுமினியம் பெரும்பாலும் வெளிப்பகுதியில் செறிந்திருக்கிறது. படிகத்தின் அணுச் சட்டகத்தில் அமர்ந்த அலுமினியம் எதிர்மின் சுமையை ஏற்படுத்துவதால், காரக் கரைசலின் ஹைட்ராக்சைடு அயனிகள் அருகே வரத் தயங்குகின்றன. அலுமினியம் குறைந்த நடுப்பகுதியின் சிலிக்காவோ எளிதில் கரைந்துவிடுகிறது. இந்த வேற்றுமையைப் பயன்படுத்தி வெற்றுப் படிகங்களை உருவாக்கும் முறை 2005-இல் வெளியானது.

இசட்.எஸ்.எம்.-5-இன் அதே கட்டமைப்பு கொண்டிருந்தும் அலுமினியமே இல்லாத சிலிக்காலைட்-1 படிகத்துக்கு வேறு வழி உண்டு. அதை டெட்ராபுரோப்பைல் அம்மோனியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, மூடிய அழுத்தக்கலனில் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸில் வைத்தால், குறைபாடுகள் மிகுந்த மையம் முதலில் கரைகிறது. கரைந்த சிலிக்கா வெளியே வந்து, அதே கரிம அயனியின் துணையால் மேற்பரப்பில் மீண்டும் படிகமாகிறது. வெறும் சோடியம் ஹைட்ராக்சைடு அரிப்பதோடு நின்றுவிடும். இக்கரிமக் காரமோ அரிக்கவும் செய்கிறது, சுவரைக் கட்டவும் செய்கிறது. அதன் விலை அதிகம் என்பதே பெரிய அளவில் தயாரிப்போருக்குள்ள தலைவலி.

கேள்வி: தொடக்கத்திலேயே 20 நானோமீட்டர் படிகங்களை வளர்த்துவிட்டால் இந்தச் சிரமம் எதற்கு?

பதில்: வளர்க்கலாம். ஆனால் அவ்வளவு நுண்ணிய தூளை வினைக்கலவையிலிருந்து வடிகட்டிப் பிரிப்பது கடினம். வெற்றுப் படிகத்தின் வெளி அளவு மாறாதிருக்க, சுவர் மட்டும் மெலிகிறது. வெற்றுப் படிகத்துக்குத் தொழில்துறைச் சான்றும் உண்டு. சட்டகத்தில் டைட்டானியம் சேர்ந்த, டைட்டானியம் சிலிக்காலைட் எனப்படும் டி.எஸ்.-1-க்கு 1983-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். அதன் உட்குழிவுள்ள வடிவத்தைச் சீனாவின் சினோபெக் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வு நிறுவனம் உருவாக்கித் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுசென்றது. நைலான்-6 தயாரிப்புக்கான காப்ரோலாக்டத்தின் முன்பொருளாகிய சைக்ளோஹெக்சனோன் ஆக்சைமை, ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கொண்டு உருவாக்க அது பயன்படுகிறது. இத்துறையின் பல அழகிய மின்நுண்ணோக்கிப் படங்களைவிட இந்தத் தொழிற்சாலைப் பயன்பாடு ஒன்றையே நான் வலுவான சான்றாகக் கருதுகிறேன்.

கேள்வி: உலோகத் துகளை இந்த வெற்றுப் படிகக் கூட்டுக்குள் அடைப்பதால் என்ன பயன்? அது உள்ளேதான் இருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: உயர் வெப்பத்தில் பிளாட்டினம் போன்ற உலோகங்களின் நானோதுகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும், பரப்பு குறைந்து செயல்திறனும் வீழும். ஒவ்வொரு துகளும் தனிக்கூட்டில் இருந்தால் இச்சேர்க்கை பெருமளவு தடுக்கப்படுகிறது. உறுதிசெய்வதற்கு மின்நுண்ணோக்கிப் படம் மட்டும் போதாது. ஏனெனில் இருபரிமாணப் படத்தில் சுவரின் மேல் ஒட்டியிருக்கும் துகளும் உள்ளே இருப்பதுபோலவே தோன்றும். ஆகவே டொலுவீனையும் 1,3,5-டிரைமீதைல் பென்சீனையும் ஹைட்ரஜனேற்றம் செய்து ஒப்பிடுகிறார்கள். முதலாவது துளை வழியே நுழையும். இரண்டாவது பருமன் காரணமாக நுழைய இயலாது. டொலுவீன் மட்டும் வினைபுரிந்தால் உலோகம் உள்ளே இருக்கிறது. இரண்டும் வினைபுரிந்தால், கூட்டுக்கு வெளியே துகள் சிதறியிருக்கிறது அல்லது சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.