கால் ரத்தக் குழாயில் அடைத்த கட்டியைப் பலூன் குழாயால் எப்படி எடுக்கிறார்கள்? ஆஞ்சியோபிளாஸ்டியும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆஞ்சியோபிளாஸ்டியில் பலூன் குறுகிய இடத்தை உள்ளிருந்து விரிக்கும். நீங்கள் கேட்பது ஃபோகார்ட்டி கதீட்டர் என்ற பலூன் குழாய். அதன் வேலை ரத்தக்கட்டியை இழுத்து வெளியே எடுப்பது.

பெரும்பாலும் தொடை இடுக்கில் தமனியைச் சிறிதாகத் திறந்து, பலூன் சுருங்கிய நிலையிலேயே மெல்லிய குழாயைக் கட்டிக்கு அப்பால் வரை செலுத்துவார்கள். பிறகு உப்புநீரால் பலூனை உப்பவைத்து மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடும். இதில் கைப்பக்குவம் மிக முக்கியம். பலூன் அளவுக்கு மீறி உப்பினால் தமனியின் உட்சுவரே சிதையும்.

இதை உருவாக்கிய தாமஸ் ஃபோகார்ட்டி, அமெரிக்காவின் சின்சினாட்டியில் இளம் வயதிலேயே மருத்துவமனை வேலைக்குப் போனவர். அன்றைய நீண்ட அறுவைக்குப் பிறகும் நோயாளிகள் காலையோ உயிரையோ இழப்பதைக் கண்ணெதிரே பார்த்தார். சிறுநீர்ப் பாதைக்கான கதீட்டர் ஒன்றின் நுனியில், ரப்பர் கையுறையின் சுண்டுவிரல் பகுதியை வைத்துக் கட்டினார். மீன்பிடிக்கச் செயற்கைப் பூச்சித் தூண்டில் கட்டிப் பழகிய கை அது! அந்தக் கதீட்டர் 1961-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது.

கால் திடீரென வலித்து, வெளிறி, சில்லிட்டு, மரத்துப்போனால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். சுமார் 6 மணி நேரத்திலேயே தசை நிரந்தரமாகச் சேதமாகத் தொடங்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.