கராத்தே, சிலம்பம் பழகுபவர்கள் எதற்காகப் பழகுகிறார்கள்? தங்களைச் சண்டைக்காரர்களாக நினைத்துக்கொள்கிறார்களா?

கோத்தகிரியில் பதினொரு வயதில் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். இப்போது நாற்பத்தொன்று. பிழைப்பு தேயிலைத் தொழிற்சாலையில். வாரத்தில் மூன்று நாள் காலையில் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இதே கேள்வியைப் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதிகம் கேட்பது, "கரடி வந்தா அடிச்சிருவீங்களா?" மாட்டேன். முன்பெல்லாம் வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கும். தோட்டத்து வளைவில் காட்டுமாடு வந்து நிற்க ஆரம்பித்ததும் ஆறே முக்காலுக்கு மாற்றிக்கொண்டோம். கறுப்புப் பட்டை வாங்கிய நான்கு பேர் டார்ச்சை அணைத்துவிட்டு, அது நகரும்வரை சத்தம் காட்டாமல் நின்றிருக்கிறோம்.

சண்டைக்காரன் என்ற நினைப்பே வராது என்றால் பொய். வரும். பாதி வழியில் பச்சை, நீலப் பட்டை கட்டும் காலத்து வியாதி அது. எனக்குக் கொஞ்சம் முற்றியே இருந்தது. டீக்கடையில் நாலு பேர் இருந்தால் முஷ்டியின் காய்ப்பு தெரிகிற மாதிரிதான் கிளாஸைப் பிடிப்பேன். பத்தொன்பது வயதில் ஒரு நாள் சாயங்காலம், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் குடித்திருந்த ஒருவர் காரணமே இல்லாமல் என் காலரைப் பிடித்தார். எட்டு வருடம் பழகியதில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. முழங்கால் ஆடியது. எப்படியோ உதறிவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த கோத்தகிரி வண்டியில் ஓடி ஏறிவிட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் மாஸ்டரிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சீட் கிடைச்சுதா?" என்றார். அவ்வளவுதான். பிறகு வழக்கம்போல வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்.

பட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பதுபோல் அது கராத்தேயோடு பிறந்ததல்ல. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ கொண்டுவந்த தர வரிசை அது. ஜப்பானின் ஒகினாவா தீவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனகோஷி 1924-ல்தான் தன் மாணவர்களுக்கு முதல்முறையாகக் கறுப்புப் பட்டை கொடுத்தார். அதற்கு முன்னால் ஒகினாவாவில் பட்டை இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். இன்று இரண்டே வருடத்தில் கறுப்புப் பட்டை கட்டிவிடும் வகுப்புகள் இருக்கின்றன. தேர்வுக் கட்டணத்தைப் பார்த்தாலே காரணம் புரியும்.

எங்கள் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஒரு பெரியவர் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எழுபது தாண்டிவிட்டது. சேர்ந்த பையன் கையில் உடனே கம்பைக் கொடுக்க மாட்டார், மாதக்கணக்கில் காலடிதான். பிறகு பையனின் நெற்றி உயரத்துக்கு அளந்து மூங்கில் வெட்டிக் கொடுப்பார். ஒரு விழாவில் மைக்கைப் பிடித்தவர் "சிலம்ப வீரர்" என்று இவரை அழைத்தபோது, பக்கத்தில் இருந்த என்னிடம், "வீரரா? நான் கம்பு பழகுறவன் தம்பி" என்றார். எழுபது வயதில் "பழகுறவன்". நாமும் அப்படித்தானே சொல்கிறோம், கராத்தே பழகுகிறேன், சிலம்பம் பழகுகிறேன் என்று? பழகி முடித்துவிட்டேன் என்று நல்ல ஆசான் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது வருகிற பிள்ளைகளுக்குக் காரணங்கள் வேறு. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு பெரியவரின் திடலில் கூட்டம். அதில் தப்பே இல்லை. பச்சைத் தேயிலை விலையை நம்பி இருக்கும் வீட்டில் ஒரு அரசு வேலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகளைப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் கூட்டி வருகிறார்கள். "தைரியமா இருக்கணும் சார்" என்பார்கள். உண்மையில் முதலில் வருவது தைரியம் இல்லை, குரல். மூன்று மாதம் சேர்ந்தாற்போல், குத்தும்போது போடும் 'கியாய்' என்ற சத்தத்தைப் போட்ட பெண், வீட்டிலும் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பிக்கிறாள். அது பிடிக்காமல் நிறுத்திய அப்பாக்களும் உண்டு.

சரி, நான் ஏன் இன்னும் போகிறேன்? உடம்புக்கு நல்லது என்பது பாதி சாக்கு. தையிலும் மாசியிலும் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்றால் பத்து நிமிஷத்தில் விரல்கள் இருப்பதே தெரியாது. உடம்பைக் கேட்டால் படுத்துக்கொள் என்றுதான் சொல்லும். நாற்பது வயதுக்கு மேல் நம்மை யாரும் திருத்துவதில்லை. தொழிற்சாலையில் நான் மேஸ்திரி. தப்பாகச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். வீட்டில் சண்டை வரும், திருத்தம் வராது. கூடத்தில் மட்டும்தான் என் உடம்பு செய்கிற தப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை நீட்டி நிற்கும் 'சென்குத்சு' நிலையில், குத்தும்போது பின்னங்கால் குதி தரையை விட்டு எழும்பக் கூடாது. எனக்கு எழும்பும். மாஸ்டர் இருந்தவரை பிரம்பால் தட்டுவார். போன வாரம் முன்னால் நின்று வரிசைக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஆரஞ்சுப் பட்டைப் பெண் ஒருத்தி, எட்டாவது படிக்கிறாள், தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "மாஸ்டர், உங்க குதி தூக்குது."

குனிந்து பார்த்தேன். தூக்கித்தான் இருந்தது.