சீழை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை

குடல்வால் வெடித்து ஆபரேஷன் செய்த அப்பாவுக்கு ஆறாம் நாள் திரும்பக் காய்ச்சல், ஸ்கேனில் 5 செ.மீ. சீழ்க்கட்டி, டாக்டர் டியூப் போடச் சொல்கிறார், வீரியமான ஆன்டிபயாடிக் மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் போதாது.

சீழைச் சுற்றி உடலே ஒரு சுவர் கட்டிவிடும். உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து சரியாகப் போய்ச் சேராது. சின்னக் கட்டி என்றால் மருந்திலேயே கரைய வாய்ப்புண்டு. இந்த அளவுக்கு வெளியே எடுப்பதே வழக்கம். இது இன்னொரு பெரிய ஆபரேஷன் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயை விடுவார்கள். வரும் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது அதில்தான் தெரியும்.

சீழ் நன்றாக வடிந்தபின் நாலைந்து நாளில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால், "அதற்குள்ளா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். 2015இல் வெளியான ஸ்டாப்-இட் ஆய்வில் 518 நோயாளிகள். கிருமியின் ஊற்றை ஒழுங்காக அகற்றியபின் சுமார் 4 நாள் மருந்து பெற்றவர்களும் 8 நாள் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறினார்கள்.

அப்புறம், குழாயில் தினமும் எவ்வளவு வடிகிறது, என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். பச்சையாகவோ மலம் கலந்தோ வந்தால் குடல் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, பேச்சு குழம்புவது, வயிறு பலகைபோல் இறுகுவது, இதில் எது வந்தாலும் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? எழுதவில்லையே.