ஆட்டோவில் எடுத்தால் தெருப் படம் தேறாதா?

மயிலாப்பூர் மாட வீதியில் சனிக்கிழமை காலைகளில் படமெடுக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது. கையில் கேனன் 1500டி, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். பச்சை ஆட்டோ மோடில் எடுத்தால் நடந்து போகிறவர்கள் கலங்கித் தெரிகிறார்கள், பூக்காரம்மா முகத்துக்குப் பதில் முன்னால் தொங்கும் சரம்தான் ஷார்ப்பாக விழுகிறது. கூட வரும் சீனியர் நண்பரோ "மேனுவல் கத்துக்காம தெருவுக்கு வராதே" என்கிறாராம். மேனுவலுக்கு மாறினால், எல்லாவற்றையும் திருகி முடிப்பதற்குள் ஆளே போய்விடுகிறார்.

நண்பர் சொல்வதில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். குளத்தோரம் வெயில், நாலு எட்டு தள்ளி கடைத் தார்ப்பாயின் கீழ் நிழல், அப்புறம் மறுபடி வெயில் என்று வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் உங்கள் கண் ஆட்களின் மேல் இருக்க வேண்டுமா, டயலின் மேல் இருக்க வேண்டுமா? வெளிச்சக் கணக்கைக் கேமராவிடமே விட்டுவிடுங்கள். ஆனால் பச்சை ஆட்டோ வேண்டாம். அது எல்லா முடிவையும் தானே எடுக்கும், நிழல் கண்டால் கேட்காமல் பிளாஷைத் தூக்கி அடித்துவிடும், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள்.

டயலை டிவி (Tv) மோடுக்குத் திருப்புங்கள், ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் சொல்லும் மோடு இது. ஷட்டரை 1/250 நொடி என்று வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். நடப்பவர்களுக்கு இந்த வேகம் போதும். சைக்கிள், ஆட்டோரிக்‌ஷா என்றால் 1/500. கலங்கலுக்குக் காரணமே ஷட்டர் மெதுவாகிப்போனதுதான், ஏனென்றால் நிழலில் பச்சை ஆட்டோ தாராளமாக 1/60க்கு இறங்கிவிடும், அது தெருவில் ஆள் நடக்கிறார் என்பதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சத்தை 6400 என்று வைத்துவிடுங்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும்தான், இருக்கட்டும், முகம் அசைந்துபோவதற்கு அது எவ்வளவோ தேவலை. (நிக்கான், சோனி, ஃபூஜி வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவிலேயே குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தையும் சொல்லிவிடலாம், அவர்களுக்கு அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவை, மட்டும் நாம் சொல்லும் மோடே சௌகரியம்.) டிவி மோடையும் நண்பர் கேலி செய்தால், 1976இல் வந்த கேனன் ஏஇ-1 பிலிம் கேமராவின் பெருமையே இந்த ஷட்டரை நீ வை, அபெர்ச்சரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற வசதிதான் என்று சொல்லுங்கள்.

கேமரா ஏமாறும் இடம் ஒன்று உண்டு, அங்கே மட்டும் நீங்கள் தலையிட வேண்டும். அதற்கு வெள்ளையும் தெரியாது கறுப்பும் தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பலாக்கப் பார்க்கும். அறுபத்துமூவர் கூட்டத்தில் வெள்ளை வேட்டிகளாக நிறைந்த காட்சியில் படம் மங்கலாகும். இருட்டுக் கடைக்குள் ஒரே ஒரு முகத்தில் வெளிச்சம் விழுந்தால், இருட்டை வெளுப்பாக்கப் போய் முகத்தை வெளுத்துவிடும். பின்பக்கம் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு டயலைத் திருப்புங்கள். வேட்டிக் கூட்டத்துக்குக் கூட்டல் பக்கம் முக்கால் போல, இருட்டுக் கடைக்குக் கழித்தல் 1. முடிந்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நான் மறந்து ஒரு காலை முழுக்கக் கறுப்பாக எடுத்துவந்திருக்கிறேன்.

இப்போது பூச்சரத்துக்கு வருவோம். உங்கள் கேமராவில் 9 ஃபோகஸ் புள்ளிகள் இருக்கின்றன, எதைப் பிடிப்பது என்று அதனிடம் விட்டால் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். சரமோ, பைக் கண்ணாடியோ, யாரோ ஒருவரின் தோளோ. நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுங்கள், அந்தக் கேமராவில் நன்றாக வேலை செய்வதும் அதுதான். நெருக்கடியான இடத்தில் அதுவும் தடுமாறும், அங்கே எனக்குப் பிடித்த வழி வேறு: லென்ஸின் ஜூமை அகலமான முனையான 18இல் வைத்து, சுமார் 2 மீட்டர் தள்ளி, அதாவது ஒரு பைக்கின் நீளம், ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் பிடித்துவிட்டு லென்ஸின் பக்கவாட்டு சுவிட்சை எம்எஃப் (மேனுவல் ஃபோகஸ்) என்று தள்ளிவிடுவது. அபெர்ச்சர் 8 (f/8) இருந்தால் 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும், கேமரா ஃபோகஸ் தேடும் நேரமும் மிச்சம். ஜூமை மட்டும் அசைக்காதீர்கள், அசைத்தால் மறுபடி பிடிக்க வேண்டும். ரிக்கோ ஜிஆர் கேமராக்களில் ஸ்னாப் ஃபோகஸ் என்று இதையே ஒரு வசதியாகக் கொடுத்திருக்கிறார்கள். டோக்கியோ தெருக்களைப் படமெடுத்தே பேர் வாங்கிய டைடோ மொரியாமா அந்தச் சின்னக் கேமராக்களோடுதான் பல வருடம் அலைந்தார்.

இந்த வழிக்கு அபெர்ச்சர் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் டயலை எம் (மேனுவல்) மோடில் வைத்து, 1/500, அபெர்ச்சர் 8, ஐஎஸ்ஓ ஆட்டோ என்று விடுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100க்குச் சற்று மேல் நிற்கும், நிழலில் 2000 பக்கம் ஏறும், இரண்டையும் நீங்கள் தொட வேண்டியதில்லை. டயல் எம்மில் நிற்பதைப் பார்த்து நண்பருக்கும் சந்தோஷம்!

படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலேயே விடலாம். மாலையில் தள்ளுவண்டிக் குண்டு பல்பின் மஞ்சள் அப்படியே வேண்டுமென்றால் மட்டும் வெயில் குறிக்கு மாற்றுங்கள், ஆட்டோ அந்த மஞ்சளைக் கொஞ்சம் கழுவிவிடும்.

கடைசியாக ஒரு ஆட்டோவை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வேன், தானாக அணைந்துபோகும் ஆட்டோ. சும்மா இருந்தால் கேமரா கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போகும் இல்லையா, அதை மெனுவில் சில நிமிடங்களுக்கு நீட்டிவிடுங்கள், பேட்டரி கூடுதலாகத் தீரும்தான். அப்படியும் தூங்கியிருந்தால், கேமராவைக் கண்ணுக்குத் தூக்கும்போதே ஷட்டரைப் பாதி அழுத்திவிடுங்கள், எழுந்துகொள்ளும்.