டர்போ ஓஸ் ஏற மாட்டேன் என்கிறதா? மலை வண்டிக்காரர்களின் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டர்போ ஓஸைப் பற்றியவை. டர்போ அழுத்தித் தள்ளும் காற்றை, அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குக் கொண்டுபோகிற குழாய்தான் அது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வரும் பழைய டீசல் வண்டிகளில் ரப்பர் ஓஸ் கிழிந்துபோய், சிலிக்கான் ஓஸ் வாங்கி வைத்துக்கொண்டு மாட்டத் திண்டாடுகிறவர்கள்தான் அதிகம். எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

அண்ணே, என்னுடையது 2010 ஸ்கார்பியோ. இன்டர்கூலருக்குப் போகிற ஓஸுக்குப் பதிலாக நீலக் கலர் சிலிக்கான் ஓஸ் வாங்கினேன். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் பைப்பில் பாதிகூட ஏறவில்லை. கொஞ்சம் கிரீஸ் தடவினால் ஏறிவிடும் என்கிறார்கள். தடவலாமா? (போடி)

தடவாதீர்கள். கிரீஸ் தடவினால் ஓஸ் வழுக்கிக்கொண்டு ஏறும், அதே மாதிரி வழுக்கிக்கொண்டு கழன்றும் வரும். 57 மி.மீ. ஓஸின் வாய் சுமார் 25 சதுர சென்டிமீட்டர். டர்போ 1 பார் அழுத்தம் கொடுத்தால், வளைவில் இருக்கும் ஓஸைப் பைப்பிலிருந்து பிடுங்கும் விசை ஏறக்குறைய 26 கிலோ. ஓஸில் ஓர் அரிசிச் சிப்பத்தைக் கட்டித் தொங்கவிட்டது போல. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அந்தச் சிப்பம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

வேலை பழகிய காலத்தில் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். போடிமெட்டு ஏற்றத்தில் பாதிக் கொண்டை ஊசி தாண்டவில்லை, ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்னால் ஒரே கரும்புகை. வண்டியில் புல்லிங் சுத்தமாக இல்லை. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, எப்படி ஏற்றுவது? வளையல்காரர் கையில் இறுக்கமான வளையலை எப்படி ஏற்றுவாரோ அப்படித்தான். சோப்பு நுரை, ஒரு திருகு, ஒரு சாய்ப்பு. நேராக வைத்துத் தள்ளினால் பயில்வானாலும் ஏற்ற முடியாது. முதலில் பைப்பின் வாயையும் ஓஸின் உட்புறத்தையும் பிரேக் கிளீனர் நனைத்த துணியால், துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். அலுமினியப் பைப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் மெல்லிய உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். இன்டர்கூலர் வாய் பிளாஸ்டிக் என்றால் உப்புத்தாள் வேண்டாம், துணியே போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு இரண்டு பக்கமும் பூசுங்கள். ஓஸைச் சாய்த்துப் பிடித்து, அதன் கீழ் உதட்டைப் பைப்பின் விளிம்பு மேட்டுக்கு அந்தப் பக்கம் முதலில் மாட்டிவிட்டு, மேல் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே இடமும் வலமுமாகத் திருகுங்கள். மேடு தாண்டினதும் மீதி தானாக ஏறும். ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பினால் உள்சுவர் கீறிவிடும், பிறகு கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

நகராத பக்கத்தை, அதாவது டர்போ பக்கத்தை, முதலில் மாட்டுங்கள். கிளிப்புகளை ஓஸில் முன்னாலேயே கோத்துவிடுங்கள் (சிரிக்காதீர்கள், எல்லாம் ஏற்றி முடித்த பிறகு மேசையில் கிடக்கும் கிளிப்பைப் பார்த்து நொந்துபோகாத மெக்கானிக் கிடையாது). சோப்புத் தண்ணீர் காயவும் நேரம் வேண்டும். சாயங்காலம் மாட்டினால் மறுநாள் காலையில் மலை ஏறுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஏறவில்லையா? அளவே தப்பாக இருக்கலாம். பைப்பின் வெளிவிட்டத்தைவிட ஓஸின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் நல்லதுதான். நாலைந்து குறைந்தால் கடையில் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

ஓஸைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இளகும் என்கிறாரே மச்சான், நிஜமா? (கம்பம், 2008 ஸ்விஃப்ட் டீசல்)

ரப்பருக்கும் பிளாஸ்டிக் பைப்புக்கும் அது சரி. சிலிக்கானின் பெருமையே சூட்டுக்கும் குளிருக்கும் அசையாததுதான். 170, 180 டிகிரி வரைக்கும் தாங்குகிற பொருள், 100 டிகிரித் தண்ணீருக்கு எவ்வளவு இளகிவிடும்? கெடுதல் ஒன்றும் இல்லை, பலனும் பெரிதாக இல்லை. மச்சான் மனம் கோணாமல் ஒரு தடவை போட்டு எடுங்கள்.

புது சிலிக்கான் ஓஸ் போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. வெளியே எண்ணெய் வியர்த்த மாதிரி இருக்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது. டூப்ளிகேட்டா சார்? (குமுளி, பழைய சஃபாரி)

டூப்ளிகேட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாதா சிலிக்கானுக்கு எண்ணெய் ஆகாது. மெதுவாக உறிஞ்சி, உப்பி, வலுவிழந்துவிடும். பழைய டீசல் எஞ்சினில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகை எண்ணெய் ஆவியோடு, எஞ்சின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் வழியாக டர்போவுக்கே திரும்பி வருகிறது. உள்ளே லேசான ஈரம் இருப்பது சகஜம். அதற்காகத்தான் உட்புறம் ஃப்ளோரோ சிலிக்கான் பூச்சுள்ள ஓஸ் விற்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் உங்கள் வண்டிக்கு அதுதான் சரி.

அதை வாங்குவதற்கு முன்னால் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். ஈரம் மட்டும் இருந்தால் கழுவிக் காயவைத்து மாட்டலாம். எண்ணெய் ஒழுகியே கொட்டினால் டர்போவின் ஆயில் சீல், பிரீதர் இரண்டையும் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஓஸ் மேல் ஓஸ் மாற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் சேந்துகிற கதை.

பழைய கிளிப்பையே போட்டுக்கொள்ளலாமா? (கூடலூர்)

பட்டையில் வரிசையாக ஓட்டை வெட்டிய சாதா கிளிப் என்றால் வேண்டாம். சிலிக்கான் மெத்து மெத்தென்று இருக்கும். இறுக்க இறுக்க அந்த ஓட்டைகள் வழியே பிதுங்கி, சீவல் சீவலாக வெட்டுப்படும். உட்பக்கம் வழவழப்பான பட்டையுள்ள கிளிப்போ போல்ட்-நட் வைத்து இறுக்கும் டி-போல்ட் கிளிப்போ வாங்குங்கள். பைப்பின் மேட்டுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே அல்ல. இரண்டு மூன்று முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு ஓஸ் கொஞ்சம் அமுங்கும். அப்போது ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வாய் உள்ள இன்டர்கூலரில் வீரம் காட்ட வேண்டாம், விரிசல் விடும்.

ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் போட்ட சிலிக்கான் ஓஸ், ரேஸ் கொடுத்தால் சப்பிப் போகிறது. (பூப்பாறை)

அது உறிஞ்சுகிற பக்கம், உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஓஸ் வேண்டும். அழுத்தப் பக்கத்து ஓஸை அங்கே போட்டால் ஸ்ட்ரா சப்புவது போலத்தான் ஆகும்.

மிச்சமிருக்கிற சின்ன சிலிக்கான் டியூபை மிஞ்சின டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்க்குப் போடலாமா? (நெடுங்கண்டம்)

கூடாது. டீசலில் உப்பிப் போய்க் கழன்றுவிடும். சூடான எஞ்சின் மேல் டீசல் கொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் மாட்டிவிட்டேன். லீக் இல்லை என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? (உத்தமபாளையம்)

உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டர் பக்கத்து ஓஸைக் கழற்றி, டர்போ வாய்க்குப் பொருந்துகிற தக்கையில் பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி அடைத்துக் கிளிப் போடுங்கள். பிரீதர் வாயையும் மூடிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் லீக் இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும். எஞ்சினுக்குள் கொஞ்சம் காற்று இறங்கும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

10 பவுண்டு போதும், 15க்கு மேல் போகவே வேண்டாம். டயருக்கு 30 பவுண்டு ஏற்றுகிற கைப்பழக்கத்தில் என் பட்டறைப் பையன் ஒரு நாள் ஏற்றிவிட்டான். தக்கை பறந்து போய் அடித்த குழி கூரைத் தகரத்தில் இன்னும் இருக்கிறது. தக்கைக்கு நேரே மட்டும் நிற்காதீர்கள்.