பேரனின் காட்டுயிர்ப் படிப்பு

கேள்வி: என் மகள் குடும்பம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வசிக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த என் பேரன் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கிறான். பல்கலைக்கழகம் வேண்டாம், சமுதாயக் கல்லூரியில் காட்டுயிர் மேலாண்மை படிக்கிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். மருமகனுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. இது ஒரு படிப்புதானா? மேலே படிக்க வழி உண்டா?
- வாசகி, ஈரோடு

பதில்: படிப்புதான், அம்மா. நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் பள்ளியை இடையில் விட்டவர்களுக்கான குறுகிய காலத் தொழிற்பயிற்சி நினைவுக்கு வருவதால், உங்கள் மருமகன் தயங்குவதில் வியப்பில்லை. அமெரிக்காவில் 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய இவ்வகைக் கல்லூரிகள், குறைந்த கட்டணத்தில் ஈராண்டு அசோசியேட் பட்டம் தருபவை. வட கரோலினாவின் மேற்கு மலைப் பகுதியில், கிளைடு என்ற சிற்றூரில் உள்ள ஹேவுட் சமுதாயக் கல்லூரியில் மீன்வள, காட்டுயிர் மேலாண்மைக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. உங்கள் பேரன் மனத்தில் இருப்பதும் அதுவாகவே இருக்கக்கூடும்.

இத்தொழில் எப்படிப்பட்டது என்பதற்கு அதே வட்டாரத்திலேயே நல்ல சான்று உண்டு. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் எல்க் என்னும் பெரிய மான் இனம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிருந்தது. 2001-இல் 25, அடுத்த ஆண்டில் 27 என வேறிடத்திலிருந்து கொண்டுவந்து கட்டலூச்சி பள்ளத்தாக்கில் விட்டார்கள். ஆனால் பிறந்த கன்றுகளில் பலவற்றைக் கருங்கரடிகள் தின்றுவிட்டதால் மந்தை பெருகவில்லை. கரடிகளைக் கொல்லாமல், கன்று ஈனும் பருவத்தில் மட்டும் அவற்றைப் பொறிவைத்துப் பிடித்துப் பூங்காவின் வேறு பகுதிக்குக் கொண்டுபோய் விட்டதும், பிழைக்கும் கன்றுகளின் எண்ணிக்கை உயர்ந்தது. பொறி வைப்பது, விலங்கின் கழுத்தில் அதன் இருப்பிடம் காட்டும் ரேடியோ பட்டை பூட்டுவது, மழையிலும் பனியிலும் அந்தப் பட்டையின் சமிக்ஞையைத் தேடி நடப்பது, ஒவ்வொரு கன்றையும் எண்ணிப் பிழையின்றிப் பதிவது ஆகிய வேலைகள் இல்லாமல் இப்படி ஒரு முடிவுக்கு யாரும் வர முடியாது. ஈராண்டுப் படிப்பு ஒருவரை இத்தகைய களப்பணிக்குத்தான் ஆயத்தப்படுத்துகிறது.

இன்னொன்றையும் வீட்டில் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். அந்நாட்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களிடமிருந்து வருகிறது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி, மாநிலக் காட்டுயிர்த் துறைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. வேட்டை உரிமக் கட்டணமும் அத்துறைகளுக்கே சேர்கிறது. ஆகவே வேட்டையாடப்பட்ட மானின் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதும் உங்கள் பேரனின் வேலையாகலாம். உயிர்க்கொலையை ஏற்காத வீட்டில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால், இதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. விலங்குகள் மீதுள்ள அன்பை மட்டும் நம்பி இத்துறைக்கு வருபவர்கள் மனமுடைய நேர்கிறது.

இனி மேற்படிப்பு. நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். அசோசியேட் பட்டங்களில் இரு வகை உண்டு. பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கென்றே அமைந்த கலை, அறிவியல் பட்டங்கள் ஒரு வகை. நேராக வேலைக்கு அனுப்பும் பயன்பாட்டு அறிவியல் பட்டம் மற்றொரு வகை. வட கரோலினாவில் சமுதாயக் கல்லூரிகளுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையில், படித்த பாடங்களை ஏற்பதற்கென உள்ள பொது ஒப்பந்தம் முதல் வகைக்கே உரியது. ஹேவுட்டின் காட்டுயிர்ப் படிப்போ இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதைப் படித்தவர் பின்னர் பல்கலைக்கழகம் செல்லலாம். ஆனால் படித்த பாடங்களில் எவற்றை அங்கே ஏற்பார்கள் என்பது தனி உடன்பாடுகளைப் பொறுத்தது.

இந்த வேறுபாடு பதவியிலும் தெரியும். அமெரிக்க மத்திய அரசில் களத் தொழில்நுட்பப் பணியின் தொடக்க நிலைகளுக்கு ஈராண்டுப் படிப்பு போதும். அவற்றில் பல, சில மாதங்களே நீடிக்கும் பருவகாலப் பணிகள். காட்டுயிர் உயிரியலாளர் பதவிக்குப் பொதுவாக உயிரியலில் இளநிலைப் பட்டமும், அதற்குள் காட்டுயிர்ப் பாடங்களில் 9, விலங்கியலில் 12, தாவரவியலில் 9 செமஸ்டர் கிரெடிட்டுகளும் (பாட அளவைக் கணக்கிடும் அலகுகள்) வேண்டும். விலங்குகளை விரும்பி வரும் மாணவர்கள் தாவரவியலைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு அல்லற்படுவார்கள். மான் எதைத் தின்கிறது என்று அறியாமல் மானைக் காக்க இயலாது என்பதை உங்கள் பேரனுக்கு இப்போதே சொல்லுங்கள். அங்கேயே பிறந்தவர் என்பதால் குடியுரிமை அவருக்குத் தடையாகாது. இங்கிருந்து மாணவர் விசாவில் செல்ல எண்ணுபவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசுப் பணி பெரும்பாலும் கிட்டாது என்பதால், அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேர்வதற்கு முன் மருமகனும் பேரனும் சேர்ந்தே கல்லூரிக்குச் சென்று, பாட ஆலோசகரிடம் எந்தெந்தப் பல்கலைக்கழகத்தோடு உடன்பாடு இருக்கிறது என்று கேட்கட்டும். பிறகு, காட்டுயிர்ப் பட்டப்படிப்பு நடத்தும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அதே பாடப் பட்டியலைக் காட்டி, எவை ஏற்கப்படும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும்.